மெமரி கார்டு பேசுவதை ஒட்டுக் கேட்போம் வாங்க!

மெமரி கார்டு இல்லாத வீடு இன்று அபூர்வம். டிஜிட்டல் கேமரா, செல்போன், வாசலில் மாட்டிய சி.சி.டி.வி., காரில் ஒட்டிய டேஷ் கேமரா என்று எங்கு பார்த்தாலும் நகத்தளவு கார்டு ஒன்று ஒளிந்திருக்கிறது. பதிவு நின்றுவிட்டால் நாம் முதலில் குறை சொல்வதும் அதைத்தான். கடைக்கு எடுத்துப் போனால், "கார்டு போச்சு தம்பி, புதுசு போட்டுக்கோங்க" என்பார்கள். புதுக் கார்டு போடுவோம். நாலு நாள் ஓடும். ஐந்தாம் நாள் பழைய கதைதான்.

கார்டு நிஜமாகவே கெட்டிருக்கலாம். ஆனால் அதற்கு வரும் மின்சாரம் சரியில்லாமல் போயிருக்கலாம். வயரிலோ சாக்கெட்டிலோ தொடர்பு விட்டுப் போயிருக்கலாம். புரோகிராம் எழுதியவர் ஒரு வரியை விட்டிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். 'கார்டு எரர்' என்ற ஒரே செய்திதான் வரும். இந்த நான்கில் எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க நல்ல வழி, கார்டுக்கும் கருவிக்கும் இடையே ஓடும் சிக்னல்களை நேரில் பார்ப்பது. இதற்கு லட்ச ரூபாய் கருவி தேவையில்லை. எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

கேமராவில் நாலு போட்டோ போனால் வருத்தம்தான், பெரிய நஷ்டமில்லை. ஆனால் திரும்பக் கிடைக்காத அளவுகளைப் பதிவு செய்யும் கருவி என்றால்? வடசென்னையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ராயபுரத்தில் நிலக்கரித் தூசி ஜன்னலில் படிந்த காலம் ஒன்று உண்டு. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வதை நிறுத்தும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011ல் உத்தரவிட்டது. நிலக்கரி எண்ணூர் துறைமுகத்துக்கு, அதாவது இன்றைய காமராஜர் துறைமுகத்துக்கு மாறியது. அனல் மின் நிலையம், மணலியின் தொழிற்சாலைகள், எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள் என்று தூசிக்கு இங்கே பஞ்சமில்லை.

மணலி, கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களில் உள்ள அரசின் தானியங்கி நிலையங்களின் அளவுகளை இன்டர்நெட்டில் பார்க்கலாம். 'என் தெருவில் எவ்வளவு?' என்று அறிய விரும்பும் மாணவர்களும் ஆசிரியர்களும் சொந்தமாகவே கருவி செய்கிறார்கள். ஒரு அர்டுயினோ போர்டு, ஒரு லேசர் தூசி சென்சார், ஒரு மைக்ரோ எஸ்.டி. கார்டு இருந்தால் போதும். அரசு நிலையத்தின் துல்லியம் இதில் வராது. ஆனால் எந்த மணி நேரத்தில் தூசி ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று தெரிந்துவிடும்.

பி.எம். 2.5 எனப்படும் நுண்தூசிக்கு இந்தியாவில் 2009ல் நிர்ணயித்த 24 மணி நேர சராசரி அளவு, ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோ கிராம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் காற்றுத் தரக் குறியீட்டைக் கணக்கிட 24 மணி நேரத்தில் குறைந்தது 16 மணி நேர அளவுகள் வேண்டும். உங்கள் கருவி நள்ளிரவில் ஆரம்பித்து மதியம் 1 மணிக்கு நின்றுவிட்டால் கையில் இருப்பது 13 மணி நேரம். அந்த நாள் முழுவதும் கணக்கில் வராது. நேற்றைய காற்றை இன்று மறுபடி அளக்கவும் முடியாது. அதனால்தான் 'கார்டை மாற்றிப் பார்ப்போம்' என்று ஒவ்வொரு வாரமாகத் தள்ளுவது இங்கே சரிப்படாது.

கார்டுக்குள் இருப்பது என்ன?

எஸ்.டி. கார்டை சான்டிஸ்க், பானாசோனிக், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 1999ல் அறிவித்தன. நகத்தளவு மைக்ரோ எஸ்.டி. 2005ல் வந்தது. 32 ஜிபி வரை கொள்ளும் எஸ்.டி.ஹெச்.சி. வகை 2006லும், 2 டிபி வரை போகும் எஸ்.டி.எக்ஸ்.சி. வகை 2009லும் அறிமுகமாயின.

பலர் நினைப்பது போல இது வெறும் மெமரி சிப் அல்ல. உள்ளே ஒரு சின்னஞ்சிறு கன்ட்ரோலரும் இருக்கிறது. நாம் கேட்கும் கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்வது அதுதான். எனவே கார்டுடன் 'பேச' வேண்டும். அந்தப் பேச்சுக்கு எழுதி வைத்த இலக்கணம் இருக்கிறது. இலக்கணம் தெரிந்தால் ஒட்டுக் கேட்பது சுலபம்.

கார்டு இரண்டு முறைகளில் பேசும். செல்போனும் கேமராவும் பயன்படுத்துவது எஸ்.டி. முறை. ஒரே நேரத்தில் நான்கு வயர்களில் டேட்டா ஓடும், வேகம் மிக அதிகம். மற்றொன்று எஸ்.பி.ஐ. முறை. வேகம் குறைவு, ஆனால் எளிது. அர்டுயினோ போன்ற சிறு போர்டுகள் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. நாம் இன்று பார்க்கப் போவதும் இதைத்தான்.

நான்கு வயர்கள், நான்கு வேலைகள்

எஸ்.பி.ஐ. முறையில் சிக்னல் ஓடும் வயர்கள் நான்குதான்.

1. சி.எஸ்.: 'உன்னோடுதான் பேசுகிறேன்' என்று கார்டுக்குச் சொல்லும் வயர். இது 0 ஆனால் கார்டு கவனிக்கும். 1 ஆனால் கவனிக்காது.

2. கிளாக்: தாளம் போடும் வயர். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பிட் நகரும்.

3. டி.ஐ.: போர்டிலிருந்து கார்டுக்குப் போகும் பேச்சு. அர்டுயினோவில் இதன் பெயர் எம்.ஓ.எஸ்.ஐ.

4. டி.ஓ.: கார்டிலிருந்து போர்டுக்கு வரும் பதில். அர்டுயினோவில் எம்.ஐ.எஸ்.ஓ.

மைக்ரோ எஸ்.டி. கார்டில் மொத்தம் எட்டு பின்கள். 2வது பின் சி.எஸ்., 3வது டி.ஐ., 4வது மின்சாரம், 5வது கிளாக், 6வது கிரவுண்ட், 7வது டி.ஓ. மீதமுள்ள 1, 8 ஆகிய இரண்டுக்கும் எஸ்.பி.ஐ. முறையில் வேலையில்லை. கார்டுக்குத் தேவை 2.7 முதல் 3.6 வோல்ட் வரை மட்டுமே. 5 வோல்ட் போர்டான அர்டுயினோ யூனோவை நேரடியாக இணைத்தால் கார்டு பழுதாகலாம். நடுவே வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட் அவசியம்.

என்ன வாங்க வேண்டும்?

நமக்குத் தேவை லாஜிக் அனலைசர். ஆஸிலோஸ்கோப் ஒரு வயரில் வோல்டேஜ் எப்படி ஏறி இறங்குகிறது என்று வரைந்து காட்டும். லாஜிக் அனலைசர் அதைப் பார்க்காது. '0 அல்லது 1' என்று மட்டும் பார்க்கும். ஆனால் பல வயர்களை ஒரே சமயத்தில், நீண்ட நேரம் பார்க்கும். பேச்சைக் கேட்க இதுதான் வசதி.

சைப்ரஸ் நிறுவனத்தின் எஃப்.எக்ஸ்.2 என்ற யு.எஸ்.பி. சிப்பை வைத்துச் செய்த, எட்டு வயர்களை நொடிக்கு 24 மில்லியன் முறை பார்க்கும் சின்னப் பெட்டிகள் ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன. தீப்பெட்டி அளவுதான். மெல்லிய கொக்கி வயர்களையும் சேர்த்து வாங்குங்கள்.

சாஃப்ட்வேர் இலவசம். சிக்ராக் என்ற ஓப்பன் சோர்ஸ் திட்டத்தின் பல்ஸ்வியூ என்ற புரோகிராமை டவுன்லோட் செய்யுங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். விண்டோஸில் முதல் முறை மட்டும் ஸாடிக் என்ற கூடுதல் புரோகிராம் மூலம் டிரைவரை மாற்ற வேண்டும். அதுவும் பல்ஸ்வியூவுடனேயே வருகிறது.

இணைப்பது எப்படி?

முதலில் அனலைசரின் கிரவுண்ட் வயரை உங்கள் போர்டின் கிரவுண்டில் மாட்டுங்கள். இதை விட்டால் திரையில் தெரிவதெல்லாம் குப்பைதான். பிறகு சேனல் 0ஐ சி.எஸ்.ஸிலும், 1ஐ கிளாக்கிலும், 2ஐ டி.ஐ.யிலும், 3ஐ டி.ஓ.விலும் மாட்டுங்கள். வேறு எதையும் கழற்ற வேண்டாம். அனலைசர் கேட்கும், குறுக்கே பேசாது.

ஒரு எச்சரிக்கை: வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்புள்ள எந்தக் கருவியின் உள்ளேயும் இதை மாட்டாதீர்கள். பேட்டரியிலோ நல்ல 5 வோல்ட் அடாப்டரிலோ ஓடும் போர்டுகளில் மட்டும் பயன்படுத்துங்கள்.

பல்ஸ்வியூவில் நொடிக்கு எத்தனை முறை பார்க்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கிளாக் வேகத்தைப் போலக் குறைந்தது நான்கு மடங்கு வைப்பது நல்லது. கார்டு கண் விழிக்கும்போது கிளாக் 400 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அப்போது 2 மெகா ஹெர்ட்ஸ் போதும். அர்டுயினோ யூனோவில் எஸ்.டி. லைப்ரரி அதன் பிறகு 4 மெகா ஹெர்ட்ஸில் பேசும். அதற்கு 24 மெகா ஹெர்ட்ஸ் வையுங்கள்.

அடுத்து, சி.எஸ். வயர் 1லிருந்து 0க்கு இறங்கும் கணத்தை டிரிகராக வைத்து 'ரன்' பட்டனை அழுத்திவிட்டு, போர்டின் ரீசெட்டைத் தட்டுங்கள். திரையில் கோட்டை மதில் போலக் கோடுகள் ஓடும். பயப்பட வேண்டாம். டிகோடர் பட்டியலில் எஸ்.பி.ஐ.யைத் தேர்ந்தெடுத்து நான்கு வயர்களையும் காட்டுங்கள். அதன் மேல் எஸ்.டி. கார்டு டிகோடரை அடுக்குங்கள். மதில் கோடுகள் எழுத்துகளாக மாறும்.

முதல் சந்திப்பு: கார்டு கண் விழிக்கும் விதம்

இனி வரும் பைட்களின் மதிப்புகள் எல்லாம் ஹெக்ஸ், அதாவது பதினாறை அடியாகக் கொண்டவை. 9க்கு மேல் ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் வரும். ஒவ்வொரு கமாண்டும் ஆறு பைட்கள். முதல் பைட் என்பது 40 உடன் கமாண்ட் எண்ணைக் கூட்டியது. அடுத்த நான்கு பைட்கள் விவரம். கடைசி பைட் பிழை சரிபார்க்கும் சி.ஆர்.சி.

மின்சாரம் வந்ததும் போர்டு குறைந்தது 74 முறை கிளாக்கைத் தட்ட வேண்டும். அப்போது சி.எஸ்.ஸும் டி.ஐ.யும் 1ல் இருக்க வேண்டும். தூங்குபவரைத் தட்டி எழுப்புவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேச்சு இப்படிப் போகும்.

கமாண்ட் 0: போர்டு 40 00 00 00 00 95 என்று அனுப்பும். 'எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாக ஆரம்பி, எஸ்.பி.ஐ.யில் பேசு' என்று பொருள். கார்டின் பதில் 01. 'விழித்துவிட்டேன், இன்னும் தயாராகவில்லை.'

கமாண்ட் 8: 48 00 00 01 ஏஏ 87. 'இந்த வோல்டேஜ் உனக்குச் சரியா?' 2006க்குப் பிந்தைய கார்டுகளின் பதில் 01 00 00 01 ஏஏ. கடைசியில் நாம் அனுப்பிய ஏஏ அப்படியே திரும்ப வருகிறதா என்று பாருங்கள். மிகப் பழைய கார்டு என்றால் 05 வரும். 'இந்தக் கமாண்ட் எனக்குத் தெரியாது' என்று அர்த்தம். அது பழுதல்ல.

கமாண்ட் 55, அதைத் தொடர்ந்து 41: முதல் பைட்கள் 77, 69 என்று வரும். 'தயாரா? தயாரா?' என்று போர்டு திரும்பத் திரும்பக் கேட்கும். கார்டு 01, 01 என்று சொல்லிக்கொண்டே இருந்து கடைசியில் 00 என்று சொல்லும். இதற்கு ஒரு நொடி வரை ஆகலாம்.

00 வந்துவிட்டால் கார்டு தயார். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் டி.ஓ. வயரில் எஃப்எஃப் என்று வருவது சகஜம். அது கார்டின் மௌனம். எட்டு பைட்களுக்குள் மௌனம் கலைய வேண்டும். கலையாவிட்டால்தான் கவலை.

படிப்பதும் எழுதுவதும்

கார்டில் எல்லாமே 512 பைட் கட்டுகளாகத்தான் போய் வரும். படிக்க கமாண்ட் 17. முதல் பைட் 51. கார்டு 00 என்று பதில் சொல்லி, சிறிது மௌனத்துக்குப் பின் எஃப்இ என்ற அடையாள பைட்டை அனுப்பும். அதன் பின் 512 பைட்கள், கடைசியில் இரண்டு பைட் சி.ஆர்.சி. கார்டின் முதல் கட்டைப் படித்தால் 512 பைட்களின் முடிவில் 55 ஏஏ என்று இருக்க வேண்டும். இருந்தால் வயரும் வேகமும் சரி என்று நம்பலாம்.

எழுத கமாண்ட் 24. முதல் பைட் 58. கார்டு 00 என்றதும் போர்டு எஃப்இ, 512 பைட்கள், சி.ஆர்.சி. என்று அனுப்பும். கார்டு உடனே ஒரு பைட் பதில் சொல்லும். அதன் கடைசி ஐந்து பிட்களை மட்டும் பாருங்கள். 05 என்றால் 'வாங்கிக்கொண்டேன்'. 0பி என்றால் 'வழியில் சிதைந்துவிட்டது'. 0டி என்றால் 'எழுத முடியவில்லை'. 05 சொன்ன பிறகு கார்டு டி.ஓ. வயரை 0லேயே பிடித்து வைத்திருக்கும். 'வேலையாக இருக்கிறேன், தொந்தரவு செய்யாதே' என்று அர்த்தம். சில மில்லி செகண்டில் முடியலாம். சில சமயம் 250 மில்லி செகண்ட் வரையும் போகலாம். முடிந்ததும் அர்டுயினோ லைப்ரரி கமாண்ட் 13 அனுப்பி 'எல்லாம் நலமா?' என்று விசாரிக்கும். 00 00 என்று பதில் வந்தால் நலம்.

இவ்வளவுதான் இலக்கணம். இனி நோயைக் கண்டுபிடிப்போம்.

எந்தச் சிக்னல், என்ன நோய்?

ஆரம்பத்திலிருந்தே எஃப்எஃப் மட்டும் வருகிறது: கமாண்ட் 0க்குக்கூடப் பதில் இல்லை. முதலில் மின்சாரம், பிறகு சாக்கெட், பிறகு வயர் என்று வரிசையாகப் பாருங்கள். கடலோரத்தில் உப்புக் காற்று சாக்கெட்டின் மெல்லிய பின்களைச் சீக்கிரம் அரித்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். அதன் பிறகும் மௌனம் என்றால், அதே கார்டை கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கும் மௌனம் என்றால்தான் கார்டு போய்விட்டது.

பதிலில் 09 வருகிறது: கார்டு கேட்டது, ஆனால் சி.ஆர்.சி. பொருந்தவில்லை. வயர் நீளமாக இருக்கும், அல்லது கிரவுண்ட் சரியில்லை. வயரை ஒரு சாணுக்குள் குறையுங்கள், கிளாக் வேகத்தையும் குறைத்துப் பாருங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள். எஸ்.பி.ஐ. முறையில் கமாண்ட் 0க்கும் 8க்கும் தவிர மற்றவற்றுக்கு கார்டு சி.ஆர்.சி.யைச் சரிபார்ப்பதில்லை. கமாண்ட் 59 கொடுத்துக் கேட்டால்தான் பார்க்கும். எனவே பிழை எதுவும் காட்டாமலே டேட்டா சிதைய வாய்ப்பு உண்டு.

கமாண்ட் 24 வரவேயில்லை: சென்சார் அளவுகள் கம்ப்யூட்டர் திரையில் அழகாக ஓடுகின்றன. ஆனால் டி.ஐ. வயரில் 58 என்ற பைட்டே இல்லை. கார்டு மேல் குற்றமே இல்லை. புரோகிராம் அளவுகளை 512 பைட் சேரும் வரை போர்டின் மெமரியிலேயே வைத்திருக்கிறது. ஃபைலின் நீளமும் கார்டில் எழுதப்படவில்லை. நடுவில் கரண்ட் போனால் காலையில் 0 பைட் ஃபைல்தான் கிடைக்கும். ஒவ்வொரு வரிக்கும் பின் ஃப்ளஷ் கொடுங்கள். நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும் கருவிக்கு இது பாரமில்லை.

வேலை நேரம் நீள்கிறது: டி.ஓ. வயர் 200 மில்லி செகண்ட் 0ல் நிற்கிறது. அப்போது 9600 வேகத்தில் ஒரு ஜி.பி.எஸ். கருவி பேசிக்கொண்டிருந்தால்? மில்லி செகண்டுக்கு ஏறக்குறைய ஒரு எழுத்து வரும். யூனோவின் சீரியல் பஃபர் 64 பைட்தான். 67 மில்லி செகண்டில் நிரம்பிவிடும். மீதியெல்லாம் காற்றோடு போய்விடும். ஜி.பி.எஸ். கெட்டுவிட்டது என்று நினைப்போம். உண்மையில் அது பேசியபோது கேட்க யாருமில்லை. கார்டில் எழுதும் நேரத்தை, ஜி.பி.எஸ். மௌனமாக இருக்கும் இடைவெளிக்கு மாற்றுங்கள்.

கார்டு தனியாக ஓடுகிறது, ரேடியோ சேர்த்தால் குழப்பம்: ஒரே கிளாக், டி.ஐ., டி.ஓ. வயர்களில் கார்டையும் ரேடியோ மாடியூலையும் மாட்டுவது வழக்கம். சி.எஸ். மட்டும் தனித்தனி. சில மலிவான கார்டு மாடியூல்களில் வோல்டேஜை மாற்ற ஒரு பஃபர் சிப் இருக்கும். அதன் டி.ஓ. பக்கம் எப்போதும் ஆன் நிலையிலேயே இணைக்கப்பட்டிருக்கும். கார்டின் சி.எஸ். 1க்குப் போன பிறகும் அது டி.ஓ. வயரை விடாது. அனலைசரில் ரேடியோவின் சி.எஸ். 0ல் இருக்கும்போது டி.ஓ.வைப் பாருங்கள். ரேடியோ பேச வேண்டிய இடத்தில் எஃப்எஃப் அல்லது உளறல் வந்தால் இதுதான் காரணம். சி.எஸ். இயக்கும் தனி பஃபர் வையுங்கள், அல்லது 3.3 வோல்ட் போர்டுக்கு மாறி கார்டை நேரடியாக இணையுங்கள். எந்தக் கார்டு வாங்கினாலும் இந்த நோய் தீராது!

மூன்று கார்டு மாற்றியும் தீராத கதை

இப்போது ஒரு நிஜ உதாரணம். திருவொற்றியூரில் ஒரு மொட்டை மாடியில் நண்பர் ஒருவர் வைத்திருந்த தூசி பதியும் கருவி. அர்டுயினோ யூனோ, சாதாரண கார்டு சாக்கெட், வோல்டேஜைக் குறைக்க ரெசிஸ்டர்கள். கார்டுக்கான மின்சாரம் யூனோவின் 3.3 வோல்ட் பின்னிலிருந்து. ஒரு நாள் ஓடும், சில சமயம் அரை நாள். பிறகு ஃபைல் பாதியில் நிற்கும். ரீசெட் தட்டினால் மறுபடி ஓடும். மூன்று கார்டு மாற்றியாகிவிட்டது. உப்புக் காற்றில் சாக்கெட் அரித்திருக்கும், இல்லை லாரி போகும் அதிர்வில் கார்டு நகர்ந்திருக்கும் என்பது நண்பரின் சந்தேகம். இரண்டும் இந்த ஊரில் நடக்கக்கூடியவைதான்.

அனலைசரை மாட்டினோம். பதிவு நின்ற சம்பவங்கள் மூன்று அகப்பட்டன. மூன்றிலும் ஒரே காட்சி. கமாண்ட் 24, பதில் 00. 512 பைட்கள், பதில் 05. கார்டு வேலையை ஆரம்பித்து டி.ஓ.வை 0க்கு இழுத்தது. உடனே சடாரென்று 1க்கு விட்டுவிட்டது. அடுத்து கமாண்ட் 13க்கு வெறும் எஃப்எஃப். ஆனால் ரீசெட் தட்டி கமாண்ட் 0 அனுப்பியதும் சமர்த்தாக 01!

இதன் பொருள் என்ன? கார்டு சாகவில்லை. செத்த கார்டு கமாண்ட் 0க்கும் பதில் சொல்லாது. இது மறந்துவிட்ட கார்டு. மின்சாரம் ஒரு கணம் போய் வந்தால் கார்டு தன் பழைய எஸ்.டி. முறைக்குத் திரும்பிவிடும். எஸ்.பி.ஐ.யில் பேசிக்கொண்டிருந்ததே அதற்கு நினைவிருக்காது. மறுபடி கமாண்ட் 0 சொல்லி எழுப்பினால்தான் பதில் சொல்லும்.

அப்படியானால் மின்சாரம் ஏன் போனது? இங்கேதான் நேரம் துப்புக் கொடுத்தது. சாக்கெட் அரிப்போ அதிர்வோ காரணம் என்றால் தொடர்பு எந்தக் கணத்திலும் விடலாம். கமாண்டின் நடுவில், படிக்கும்போது, சும்மா இருக்கும்போது என்று சிதறி இருக்க வேண்டும். இங்கே மூன்றும் எழுத ஆரம்பித்த கணத்திலேயே நடந்தன. எழுதும்போதுதான் கார்டு அதிக மின்சாரம் இழுக்கும். 100 மில்லி ஆம்பியர் வரைகூடப் போகலாம். யூனோவின் 3.3 வோல்ட் பின் கொடுக்கக் கூடியது 50 மில்லி ஆம்பியர்தான்!

மல்டிமீட்டரில் பார்த்தால் 3.3 வோல்ட் கல் போல நின்றது. வோல்டேஜ் சரிவது சில மில்லி செகண்ட்தான். மீட்டரின் கண்ணுக்கு அது தெரியாது. கார்டுக்குத் தனி 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று போட்டு, சாக்கெட்டுக்கு அருகில் 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. ஒதுக்கி வைத்த மூன்று கார்டுகளில் எதிலும் குறையில்லை.

ராத்திரி வரும் திருடனைப் பிடிப்பது எப்படி?

எப்போதாவது ஒரு முறை வரும் பழுதுக்காக இரவு முழுக்கப் பதிவு செய்ய முடியுமா? 24 மெகா ஹெர்ட்ஸில் நொடிக்கு 24 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 86 ஜிபி! கட்டுப்படியாகாது. அதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. போர்டில் சும்மா இருக்கும் ஒரு பின்னை எடுத்துக்கொள்ளுங்கள். கார்டில் எழுதுவது தோற்றால் அந்தப் பின்னை 1 ஆக்கும்படி புரோகிராமில் ஒரு வரி சேருங்கள். அதை அனலைசரின் சேனல் 4ல் மாட்டி, அது 0லிருந்து 1க்கு ஏறுவதை டிரிகராக வையுங்கள். டிரிகருக்கு முந்தைய பகுதியையும் சேமிக்கும் அளவை பல்ஸ்வியூவில் 90 சதவீதம் வையுங்கள். லேப்டாப் தூங்கிவிடாமல் செட்டிங்கை மாற்றிவிட்டு நீங்கள் தூங்கப் போகலாம். பழுது வந்த கணமும் அதற்கு முன் நடந்ததும் காலையில் திரையில் காத்திருக்கும். மேலே சொன்ன மூன்று சம்பவங்களையும் பிடித்தது இப்படித்தான்.

இதனால் முடியாதவை

லாஜிக் அனலைசர் சர்வரோக நிவாரணி அல்ல. செல்போனும் கேமராவும் எஸ்.டி. முறையில் 25, 50 மெகா ஹெர்ட்ஸ் என்றும் அதற்கு மேலும் பேசும். 24 மெகா ஹெர்ட்ஸ் பெட்டியால் அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது. வோல்டேஜ் சரிவதையும் இது நேரடியாகக் காட்டாது. அதன் விளைவைத்தான் காட்டும். சரிவையே பார்க்க வேண்டுமானால் ஆஸிலோஸ்கோப் வேண்டும்.

64 ஜிபி என்று ஒட்டி 8 ஜிபி மட்டுமே கொள்ளும் போலிக் கார்டையும் இதில் கண்டுபிடிப்பது கஷ்டம். அது எல்லாக் கேள்விக்கும் சரியாகவே பதில் சொல்லும், 05 என்று வாங்கியும் கொள்ளும். ஆனால் கொள்ளளவைத் தாண்டியதும் வைத்ததைத் தொலைத்துவிடும். அதற்கு கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச புரோகிராம்கள் இருக்கின்றன. புதுக் கார்டு வாங்கியதும் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கார்டு நன்றாக ஓடும்போதே ஒரு முறை அனலைசரை மாட்டி, கண் விழிப்பது முதல் எழுதி முடிப்பது வரை பதிவு செய்து கம்ப்யூட்டரில் சேமித்து வையுங்கள். டாக்டரிடம் இருக்கும் பழைய ஸ்கேன் போல அது உதவும். பழுது வரும் நாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எங்கே ஆரம்பிக்கிறது என்று பளிச்சென்று தெரியும். அதன் பிறகு கார்டை மாற்றுவதா, கெபாசிட்டர் போடுவதா, புரோகிராமில் ஒரு வரி சேர்ப்பதா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.